ஐந்தரை கிலோவுக்குள் ஒரு ரைஃபிள்: பட்டறை நாட்குறிப்பு

21 ஜூலை 2024, ஞாயிறு

அக்கா மகள் போட்டியில் சுடுவதற்கான துப்பாக்கி வந்துவிட்டது. ஜெர்மன் கம்பெனியான வால்தரின் எல்ஜி 300, பத்து மீட்டர் ஏர் ரைஃபிள், பழசு. “ஆடி மாசத்துல புதுசா எதுவும் வாங்காதடா” என்று அக்கா சொல்லிப் பார்த்தார். இது புதுசே இல்லையே, இன்னொருத்தர் வருஷக்கணக்கில் சுட்டதுதானே என்றேன். அதற்குள் அக்கா மகள் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

லைசென்ஸ் வேண்டாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு உள்ளே சக்தி என்றால் 2016 ஆயுத விதிகளின்படி வேண்டாம். போட்டி ரைஃபிள் ஏழரை ஜூல் அளவில்தான் சுடும். அரை கிராம் சொச்சம் ஈயம், நொடிக்கு 170 மீட்டர் போல.

நான் முதலில் பார்த்தது காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை. பத்து வருஷம் தாண்டிய சிலிண்டரைப் போட்டிக்குள் விடமாட்டார்கள். இதில் தாண்டியிருக்கிறது. விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் விலை பேசும்போதே ஊகித்ததுதான். புதுச் சிலிண்டர் தனிச் செலவு. அவ்வளவு அழுத்தத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கஞ்சத்தனம் பார்க்க முடியாது.

24 ஜூலை, புதன்

பட்டறையில் டீ நேரத்தில் கூட்டாளி கேட்டார்: “ஒசத்தியான ரைஃபிள் ஒண்ணு டிசைன் பண்றேன்னு சொல்றீங்க, குழல என்ன பண்ணப் போறீங்க?”

ஒன்றும் பண்ணப் போவதில்லை. குழல், வால்வு, டிரிகர் மூன்றையும் ஜெர்மன்காரர்கள் தீர்த்து வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் ஸ்பிரிங்தான். சுட்டால் உள்ளே பிஸ்டன் ஓடி, துப்பாக்கியே துள்ளும். ஓபர்ன்டார்ஃபில் இருக்கும் ஃபெய்ன்வெர்க்பாவ் கம்பெனி, குழலும் பிஸ்டனும் சேர்ந்து ஒரு தண்டவாளத்தில் பின்னால் வழுக்கும்படி செய்து அந்தத் துள்ளலை, தோளில் வைத்துப் பிடிக்கிற ஸ்டாக்குக்கு வராமல் தடுத்தது. வால்தர், நெம்புகோலை ஒரு முறை இழுத்தாலே காற்று அடைபடும் துப்பாக்கியைச் செய்தது. பிறகு கார்பன் டை ஆக்சைடு வந்தது. வெயில் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும், வேகம் மாறும். கடைசியில் அழுத்திய காற்றும், அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரும். அதோடு கதை முடிந்தது. இன்றைக்கு இந்த வரிசைத் துப்பாக்கி எதையும் வைஸில் (பட்டறை இறுக்கியில்) பூட்டி, பொருந்துகிற பெல்லட்டை, அதாவது ஈயக் குண்டைப் போட்டுச் சுட்டால் அஞ்சு குண்டும் ஒரே ஓட்டைக்குள் போகும்.

வால்தரும், இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியான அன்ஷூட்ஸும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் துரிங்கியாவில் ஒரே ஊர்க்காரர்கள். போருக்குப் பிறகு இருவரும் உல்ம் நகரத்தில் போய்ப் புதிதாகக் கடை விரித்தார்கள். நம் ஊரில் ஒரு பம்ப் கம்பெனிக்கு எதிரிலேயே இன்னொரு பம்ப் கம்பெனி இருப்பது ஞாபகம் வந்தது.

ஆக என் வேலை ஸ்டாக் மட்டும். மனுஷ உடம்புக்கும் அந்தக் குழலுக்கும் நடுவே இருக்கிற சாமான்.

28 ஜூலை, ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக்ஸ். பெண்கள் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்று. நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7, பத்தாவது இடம். எட்டுப் பேருக்குத்தான் ஃபைனல். இன்னொரு இந்தியப் பெண் ரமிதா 631.5, ஐந்தாவது, உள்ளே போய்விட்டார்.

இரண்டுக்கும் வித்தியாசம் 0.8. இதைச் சுவரில் சாக்பீஸால் போட்டுப் பார்த்தேன். பத்து என்பது இலக்கின் நடுவே அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் ஓரம் தொட்டாலே பத்து, அதனால் பெல்லட்டின் மையம் இரண்டரை மில்லி விலகினாலும் 10.0 கிடைக்கும். அங்கிருந்து மையத்தை நோக்கி ஒவ்வொரு 0.1-க்கும் கால் மில்லி. அப்படியென்றால் 0.8 என்பது இரண்டு மில்லிமீட்டர். அறுபது குண்டுக்கும் சேர்த்து மொத்தமே இரண்டு மில்லி. அவ்வளவுதான் ஐந்தாவது இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் நடுவே.

அக்கா மகள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. கணக்கை நீட்டினேன். “அத விடுங்க மாமா” என்றாள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே முக்கால் மீட்டர் என்று வைத்தால், பத்து மீட்டரில் கால் மில்லி என்பது முன் சைட்டில் இருபது மைக்ரானுக்கும் கொஞ்சம் கம்மி. பேரிங் சீட்டிங் அரைக்கும்போது நாங்கள் பிடிக்கிற அளவு. நாங்கள் மெஷினை காங்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் பிடிக்கிறோம். இந்தப் பிள்ளைகள் மூச்சு விட்டுக்கொண்டு, நெஞ்சு துடிக்க, நின்றுகொண்டு பிடிக்கிறார்கள்.

1 ஆகஸ்ட், வியாழன்

ஸ்வப்னில் குசாலேவுக்கு வெண்கலம். 50 மீட்டர், மூன்று நிலை. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். தகுதிச் சுற்றில் ஏழாவதாக உள்ளே போனவர்.

அவர் சுட்டது .22 தோட்டா ரைஃபிள், எட்டு கிலோ வரை இருக்கலாம். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று ஒரே ஸ்டாக் மூன்று உடம்புக்குச் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் அதில் இத்தனை திருகு, இத்தனை கோடு. எங்களுக்கு நிற்கிற நிலை மட்டும்தான். நிம்மதி.

4 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று முழுக்க அளவு எடுத்தோம். கோச் வீட்டுக்கே வந்துவிட்டார். முன்பு மாநில அளவில் சுட்டவர். பேனா, டேப் எல்லாம் எடுத்து வைத்தேன். “அண்ணா, துப்பாக்கிய அப்புறம் அளக்கலாம். மொதல்ல பொண்ணு இடுப்பெலும்பு எங்க இருக்குன்னு பாருங்க” என்றார்.

நின்று சுடுகிறவர்கள் கையால் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிப்பதில்லை. இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முன்கையைத் தூண் மாதிரி நிறுத்தி, அதன் மேல் வைக்கிறார்கள். எடை எலும்பு வழியாகத் தரைக்குப் போக வேண்டும். சதை தாங்கினால் இருபதாவது குண்டிலிருந்து நடுக்கம் ஆரம்பம். போட்டியில் சைட்டிங் நேரம் கால் மணி, அதன் பிறகு அறுபது குண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

ஆகவே கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ஊன்றிய கையின் முஷ்டிக்கும், நிமிர்ந்த தலையில் இருக்கும் கண்ணுக்கும் உயரம் எவ்வளவு? இவளுக்கு 16 சென்டிமீட்டர். இவள் இதுவரை சுட்டுவந்த துப்பாக்கியின் ஸ்டாக்கில், சைட் மையத்திலிருந்து ஃபோரெண்டின் (ஸ்டாக்கின் முன்பகுதியின்) அடி வரை பன்னிரண்டரைதான். மீதி மூன்றரையை இவள் கழுத்தை மடக்கிச் சரிக்கட்டிக்கொண்டிருந்தாள். “கழுத்து வலிக்குதுங்க மாமா” என்று போன வருஷம் பூரா சொன்னது இதுதான். தைலம் தேய்த்துவிட்டார் அக்கா.

சைட் மையம் குழல் அச்சுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே. அப்படியென்றால் ஃபோரெண்ட் அச்சிலிருந்து 11 கீழே இறங்க வேண்டும். போட்டி விதி 12 சென்டிமீட்டர் வரை விடுகிறது. ஒரு சென்டிமீட்டர் கையிருப்பு. இன்னும் வளர்கிற வயசு என்பதால் அந்த ஒன்றையும் ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து ஏற்றி இறக்கும்படி செய்யப் போகிறேன்.

விதிப் புத்தகத்தில் மற்றவையும் குறித்துக்கொண்டேன். அதிகபட்சம் சைட்டோடு சேர்த்து 5.5 கிலோ. ரிசீவரின் (குழலுக்குப் பின்னால் இருக்கும் இயங்குபாகக் கூட்டின்) பின்னிலிருந்து குழல் முனை வரை 850 மில்லி. கட்டைவிரல் ஓட்டை கூடாது, உள்ளங்கைத் தாங்கி கூடாது, ரசமட்டம் கூடாது. டிரிகர் எடைக்கு மட்டும் வரம்பே இல்லை. நூறு கிராமுக்குக் கீழே வைப்பவர்கள்தான் அதிகம். இவளுக்கும் அப்படித்தான் இருக்கிறது. விரல் பழகிவிட்டது, அதைத் தொடவில்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

எடை. இதில்தான் எல்லோரும் தப்பாகப் பேசுகிறார்கள் என்பது என் கட்சி. “முன்னால கனமா இருந்தா ஆடாது” என்று ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடத்தில்) ஆளாளுக்குச் சொல்வார்கள். பாதி உண்மை.

நூறு கிராம் இரும்பை, துப்பாக்கியின் சமநிலைப் புள்ளியிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் மாட்டினால், 10 சென்டிமீட்டரில் மாட்டியதைவிடப் பதினாறு மடங்கு அது திரும்புவதைத் தடுக்கும். தூரத்தின் வர்க்கம். அதனால் ஆட்டம் மெதுவாகும். இது சரி. ஆனால் அதே நூறு கிராம், 4.6 கிலோ துப்பாக்கியின் சமநிலைப் புள்ளியை எட்டரை மில்லி முன்னால் இழுத்துவிடும். அந்தப் புள்ளி ஊன்றிய கையைத் தாண்டியதும் வலது தோள், அதில் பதியும் பட் பிளேட்டை அமுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். அமுக்கினால் சதை. மறுபடி நடுக்கம்.

பெரிய ஆள் தாங்குவான். ஐந்தடி ஒரு அங்குலப் பெண் தாங்கமாட்டாள். எனவே முன்னால் போடுகிற எடைக்குப் பின்னாலும் ஒரு பதில் எடை. சமநிலை நகராது, திரும்பும் தன்மை மட்டும் குறையும். மொத்தம் ஐந்து கிலோவைத் தொட வேண்டாம் என்று கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

17 ஆகஸ்ட், சனி

ஆவணி பிறந்தது. அக்கா சூடம் கொளுத்த, சிஎன்சியில் முதல் வெட்டு. 6061 அலுமினியம். மரம் அழகுதான், ஆனால் மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் குழலை லேசாக நெருக்கும் என்று ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கும். அலுமினியத்தில் அந்தக் கவலை இல்லை. குழல் எதையும் தொடாமல் காற்றில் நிற்கிறது. ரிசீவரை இரண்டே போல்ட் பிடிக்கின்றன. இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரென்ச் இல்லாமல் அவற்றைத் தொடக்கூடாது என்று பெட்டிக்குள் எழுதி ஒட்டிவிட்டேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

அலுமினியத்தில் கன்னம் வைத்தால் கோயம்புத்தூர் மதியத்தில் வேர்த்து வழுக்கும். கைப்பிடியும் கன்னத்துண்டும் மரத்தில்தான் வேண்டும் என்று முதலிலிருந்தே முடிவு. ஆசாரியிடம் தேக்கு கேட்டேன். “தேக்குல எண்ணெ கசியுங்க, பாலிஷ் நிக்காது. வாகைல போடலாமுங்க” என்றார்.

அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். டிராயிங் எதையும் வாங்கவில்லை. எம்-சீலை ஒரு கட்டையில் அப்பி, ஈரமாக இருக்கும்போதே இவளைப் பிடிக்கச் சொன்னார். “இறுக்காத சாமி, சும்மா குருவிய புடிக்கற மாதிரி.” காய்ந்ததும் அதைப் பார்த்துப் பார்த்து அரம் போட்டார். மோதிர விரலுக்குக் கீழே மட்டும் ஒரு நூல் அளவு அதிகமாக எடுத்தார். ஏன் என்றேன். பாப்பா அந்த விரலால்தான் இறுக்குகிறாள், இடம் கொடுத்தால் விட்டுவிடுவாள் என்றார். கோச் ஆறு மாசமாகத் திருத்தப் பார்க்கும் பழக்கம் அது. ஆசாரி துப்பாக்கியைக் கையில் எடுத்தது அன்றுதான்.

1 செப்டம்பர், ஞாயிறு

ரேஞ்ச். முதலில் ஒரு மணி நேரம் சுடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை வைப்பாள், திறப்பாள். இலக்கின் கறுப்பு வட்டம் முன் சைட்டின் ரிங்குக்குள் தானாக வந்து நிற்கிறதா என்று மட்டும் பார்த்தோம். உயரம் சரி. பக்கவாட்டில் வலது பக்கம் இழுத்தது. பட் பிளேட்டைக் கைப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, ஒரு டிகிரி திருப்பியதும் நின்றது.

அப்புறம், குறி நகர்வதைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்காட் கருவியை மாட்டிச் சுட்டாள். நான் ஸ்கோரைப் பார்க்கவில்லை. டிரிகருக்கு அடுத்த நொடியில் கோடு எங்கே போகிறது என்று பார்த்தேன். பெல்லட் குழலைவிட்டு வெளியேறச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அந்த நேரத்தில் துப்பாக்கி நேராகப் பின்னால் வந்தால் பிரச்சினை இல்லை. பழைய ஸ்டாக்கில் கோடு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசையில் சிதறும். இதில் நேர் மேலே ஒரு சின்னக் குதி, திரும்ப அதே இடம். குண்டு தப்பானாலும் ஏன் தப்பானது என்று அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. என்னைக் கேட்டால் நல்ல ரைஃபிளுக்கு இதுதான் அடையாளம். பத்து விழுவது அவள் கையில் இருக்கிறது.

“கழுத்து?” என்று கேட்டேன்.

“எந்தக் கழுத்து மாமா?”

8 செப்டம்பர், ஞாயிறு

எடை போட்டோம்: 4.84 கிலோ. இவள் முன்னால் இன்னும் நூறு கிராம் கேட்கிறாள், யாரோ பெரிய வீராங்கனையின் படத்தைப் பார்த்துவிட்டு. கோச் வேண்டாம் என்கிறார். நான் யார் பக்கமும் பேசவில்லை. முன்னாலும் பின்னாலும் எடை மாட்ட எம்6 திருகு ஓட்டை ஒன்றொன்று தட்டி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் மாட்ட முடியாது, ஜோடியாகத்தான் தருவேன் என்று சொல்லியாகிவிட்டது.

அடுத்த வாரம் பெல்லட் பார்க்க வேண்டும். தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மூன்றிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, வைஸில் பூட்டிச் சுட்டு, எது இந்தக் குழலுக்குப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பட் பிளேட் ஸ்க்ரூவுக்கு 4 மில்லி ஆலன் கீ. பெட்டியில் மூன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டை ரேஞ்சில் யாராவது இரவல் வாங்கிப் போய்விடுவார்கள்.