காந்தத்தில் ஒட்டிய கரும்பொடி

“அது தூளில்ல தம்பி, இரும்பு.”

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தூள் ஓடும் பாதைக்கு மேலிருந்த காந்தத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு அக்கா சொன்னார். துணியில் ஒட்டிய கரும்பொடி பார்க்கத் தேயிலைத் தூள் போலவே இருந்தது.

இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி இயந்திர உருளைகளின் பற்கள் தேயத் தேய உதிர்வது அது. காந்தம் இல்லையென்றால் நம் டீயில்தான் சேரும்.

நியோடிமியம் காந்தம் என்றார் சூப்பர்வைசர். எனக்கு உடனே அதைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி மசாட்டோ சகாவா நினைவு வந்துவிட்டது.

1970களில் வலிமையான காந்தம் என்றால் சமாரியம், கோபால்ட் என்ற உலோகங்களால் செய்ததுதான். விலை அதிகம். மலிவான இரும்பை வைத்து ஏன் செய்ய முடியவில்லை? இரும்பு அணுக்கள் மிக நெருக்கமாக இருப்பதுதான் சிக்கல் என்று 1978-இல் ஒரு கருத்தரங்கில் ஒருவர் சொல்லக் கேட்டார் சகாவா. அப்படியானால் போரான் மாதிரி ஒரு சின்ன அணுவை நடுவில் நுழைத்துப் பார்த்தால் என்ன?

வேலை பார்த்த இடத்தில் ஆதரவு இல்லை. யோசனையை அவர் விடவில்லை. 1982-இல் வேறு நிறுவனத்துக்கு மாறி, அதே ஆண்டில் செய்து காட்டினார். நியோடிமியம், இரும்பு, போரான். (அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் குரோட் என்ற விஞ்ஞானியும் தனியாக இதை எட்டினார்.)

யாரும் பெரிதாக மதிக்காத ஒரு யோசனையை அத்தனை வருடம் கைவிடாமல் வைத்திருந்தாரே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

சூடு ஏறினால் இந்தக் காந்தம் வலுவிழக்கும். அதற்காக, கிடைப்பதற்கு அரிதான டிஸ்ப்ரோசியம் என்ற உலோகத்தைச் சேர்க்கிறார்கள். அதைக் குறைக்கும் வழியை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இயற்பியல் படிக்கும் நம்ம நீலகிரிப் பிள்ளைகளுக்கும் அதில் வேலை இருக்கிறது.