வளைக்குள் குடித்தனம்

நிலாவெளிப் பக்கம் புறாத்தீவுக்குப் போய்வருகிறவர்கள் அங்கிருக்கும் மாடப்புறாக்களையும் கடற்பறவைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். சரி, அது கிடக்கட்டும். உண்மையான கடற்பறவைகளில் சில, மண்ணுக்குள் வளையில்தான் முட்டையிடும்.

வட அட்லாண்டிக்கில் உள்ள பஃபின், அலகால் கொத்திக் காலால் மண்ணைத் தள்ளி ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்குத் தோண்டும். ஒரே ஒரு முட்டை. குஞ்சு கூட்டறையை அசிங்கப்படுத்தாமல் தள்ளிப்போய் எச்சமிடும் (நம் வீட்டுப் பிள்ளைகள் கவனிக்க).

எனக்குப் பிடித்தது மாங்ஸ் ஷியர்வாட்டர். முயல் விட்டுப்போன வளை கிடைத்தாலும் போதும், குடியேறிவிடும். தாயும் தகப்பனும் மாறிமாறி ஏறக்குறைய 50 நாள் அடைகாக்கும். கால்கள் உடலின் பின்பக்கம் இருப்பதால் தரையில் ஒழுங்காக நடக்க முடியாது; பகலில் வந்தால் பெரிய கடற்காகங்கள் கொன்றுவிடும். அதனால் இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும். நிலவு எறிக்கும் இரவென்றால் வரவு குறைவு. கொழுத்துப்போன குஞ்சை விட்டுப் பெற்றோர் முதலில் புறப்பட்டுவிடும், அது பிறகு தனியாகவே தென்னமெரிக்கக் கடல்வரை பறக்கும்!

ஆனால் வளை எலியைத் தடுக்காது. இங்கிலாந்தின் லண்டி தீவில் 2002 முதல் 2004 வரை எலிகளை ஒழித்தார்கள். சில நூறு சோடிகளாக இருந்த ஷியர்வாட்டர்கள் இப்போது ஆயிரக்கணக்கில்.