ஜெல் தயார், எலிக்கு அனுமதிதான் இல்லை

புற்றுக்கட்டிக்குள் ஊசியால் போடும் ஜெல்லில் தங்க நானோராடும் (லேசர் பட்டால் சூடாகும் நுண்கம்பி) டாக்ஸோரூபிசினும் (புற்றுநோய் மருந்து) சேர்த்து வேலை பார்ப்பவர்களுக்கு இது. ஜெல் செய்ததும் செல்லில் சோதித்ததும் பெரிய கதையில்லை. மாட்டிக்கொண்டது விலங்கு நெறிமுறைக் குழுவிடம்தான்.

அலுவலகத்தில் கொடுத்த விலங்குச் சோதனை விண்ணப்பமான படிவம் பி-யை நிரப்பி, கையெழுத்தெல்லாம் வாங்கிக் கொண்டுபோனேன். "இதில் பழைய சி.பி.சி.எஸ்.இ.ஏ. பெயர் இருக்கு, இப்போ சி.சி.எஸ்.இ.ஏ. மாத்திக் கொண்டு வாங்க" என்றார் எழுத்தர். இரண்டும் விலங்குச் சோதனையைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் பெயர்தான். "நீங்க கொடுத்ததுதானே சார்?" என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மறுபடியும் கையெழுத்து வேட்டை. அப்புறம் கூட்டமே தள்ளிப்போனது. அந்த மத்தியக் குழுவின் நாமினி (நியமித்த பிரதிநிதி) வராமல் நடத்த முடியாதாம். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை 4டி1 செல்களை (எலியின் மார்பகப் புற்றுசெல்கள்) உறையவைத்தே வையுங்கள், வளர்த்து வீணாக்காதீர்கள்.

கூட்டத்தில் சண்டை எண்ணிக்கையில் வந்தது. எதற்கு 48 பால்ப்/சி (ஆய்வக இனம்) சுண்டெலி? எட்டுக் குழு, குழுவுக்கு ஆறு. உறுப்பினர் ஒருவர், "வெறும் ஜெல்லில் லேசர் அடிக்கிற குழு எதுக்கு, எடுத்துடுங்க" என்றார். அதை எடுத்தால் 808 நானோமீட்டர் லேசர் ஒளியே தோலைச் சூடாக்கியதா, நானோராட் சூடாக்கியதா என்று எப்படிச் சொல்வது? மருந்து தனியாக, சூடு தனியாக, இரண்டும் சேர்ந்து என்று பிரித்துக் காட்டாவிட்டால் கூட்டுச் சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்லவேளை, ஒவ்வொரு குழுவும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஒரு அட்டவணை இணைத்திருந்தேன். அதைப் படித்ததும் அவரே விட்டுவிட்டார். ஒரு எலிகூடக் குறையவில்லை! புள்ளியியல் கணக்கையும், கட்டி எந்த அளவைத் தாண்டினால் எலியைக் கருணைக்கொலை செய்வீர்கள் என்பதையும் கேட்குமுன் எழுதிவிடுங்கள்.

எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) அறிக்கையும் கேட்டார்கள். அதை நிறத்தை வைத்து அளக்கும் எல்.ஏ.எல். சோதனையைத் தங்கத் துகளின் சொந்த நிறம் குழப்பிவிடும். தெரிந்த அளவு எண்டோடாக்ஸினைக் கலந்து, அது அப்படியே திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்த கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். நானோராடில் சி.டி.ஏ.பி. (அதைத் தயாரிக்கும்போது சேர்க்கும் வேதிப்பொருள்) மிச்சம் இல்லை என்பதற்கும் ஆதாரம் வேண்டும், அது செல்லைக் கொல்லும்.

ஊசி போடும் நாளில் ஒரு எச்சரிக்கை: ஜெல்லின் அடிப்பொருளான 20 சதவீத புளூரானிக் எஃப்127 ஃபிரிட்ஜில் தண்ணீராக இருக்கும், நம்மூர் வெயிலில் ஊசிக்குள்ளேயே கெட்டியாகிவிடும். சிரிஞ்ச், ஊசி எல்லாமே ஐஸில் இருக்கட்டும்.

மயக்க மருந்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். கெட்டமைன் 2013 முதல் அட்டவணை எக்ஸ் மருந்து. வாங்கவும் கணக்கு வைக்கவும் தனிக் கெடுபிடி. உங்கள் அனிமல் ஹவுஸில் ஐசோஃப்ளூரேன் (முகரவைக்கும் மயக்க மருந்து) கருவி இருந்தால் அதையும் முதல் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு மாற்றுவதென்றால் திருத்த விண்ணப்பம் போட்டு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும்.