துவர்க்கும் காக்கி இனிப்பாகும் வரை: ஹோஷிகாகி போடும் முறை

ஹோஷிகாகி என்பது தோல் சீவித் தொங்கவிட்டு உலர்த்திய காக்கிப் பழம். நவம்பர் வந்துவிட்டால் ஜப்பானின் யமனாஷி மாநிலத்துக் கோஷூ நகரில், எரின்ஜி கோயிலைச் சுற்றியுள்ள மட்சுசாதோ பகுதி வீடுகளின் தாழ்வாரங்களில் செம்மஞ்சள் பழச்சரங்கள் வரிசையாக இறங்கிவிடும். டிசம்பர் நடுப்பகுதி வரை அந்தக் காட்சி இருக்கும். எரின்ஜி, 1330இல் முசோ சோசெகி நிறுவிய ஜென் கோயில். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் தகேதா ஷிங்கெனின் சமாதி அங்கேதான் இருக்கிறது. இந்தப் பழம் உலர்த்தும் வேலையை ஊக்குவித்தவரும் அவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். மழை படாமல் காற்று மட்டும் புகுந்து போகிற இடம் தாழ்வாரம். வீட்டில் செய்பவர்கள் தேடவேண்டியதும் அப்படி ஓர் இடத்தைத்தான். அடுக்குமாடி வீட்டுப் பால்கனி தாராளமாகப் போதும்.

பழம் துவர்க்கிற வகையாக இருக்கவேண்டும். காக்கி என்கிற பெர்சிமன் நம் கருங்காலியின் இனம், துவர்ப்புக்குக் குறைவில்லை. அப்படியே கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். ஆனால் துவர்ப்பு வகைகளில் சர்க்கரை தாராளமாக உண்டு. அதை மறைப்பது, துவர்ப்பைத் தரும், நீரில் கரையும் டானின்தான். தோல் சீவித் தொங்கவிட்டதும் மேற்பரப்பு காய்ந்து ஓர் உறையாகிறது. உள்ளே ஆக்சிஜன் குறைய, பழத்தில் அசிட்டால்டிஹைடு சேர்ந்து டானினைப் பிணைத்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. டானின் அங்கேயேதான் இருக்கிறது, நாக்குக்கு மட்டும் எட்டாது. கடையில் இனிப்பாகக் கிடைக்கும் ஃபுயூ வகையை உலர்த்தினாலும் தின்ன முடியும். ஆனால் அந்த ஆழம் வராது.

கோஷூவில் போடுவது கோஷூ ஹியாகுமே என்ற வகை. ஒரு பழம் 300 முதல் 400 கிராம் வரை கனக்கும். முதல்முறை செய்பவர்களுக்கு ஹிராதனேநாஷி நல்லது: விதை இல்லை, கொஞ்சம் சிறியது, சீக்கிரம் காயும். எதுவானாலும் கல் மாதிரிக் கெட்டியாக, காம்போடு சிறு கிளைத்துண்டு 'டி' வடிவில் ஒட்டியிருக்கும்படி வாங்குங்கள். கயிறு கட்ட அதுதான் பிடிமானம். கிளை இல்லாவிட்டால் காம்பருகே ஒரு எவர்சில்வர் திருகாணியை முறுக்கி அதில் கட்டலாம். விரல் பட்டால் அமுங்கும் பழத்தை ஒதுக்கிவிடுங்கள், அது தன் எடையாலேயே காம்பிலிருந்து கழன்று விழும்.

நாள் பார்ப்பதுதான் இதில் பெரிய விஷயம். பகல் உச்ச வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கி, முதல் நான்கைந்து நாளுக்கு மழை இல்லை என்று முன்னறிவிப்பு சொன்னால்தான் தோல் சீவத் தொடங்கவேண்டும். டோக்கியோப் பக்கம் பெரும்பாலும் நவம்பர் கடைசி வாரம். பழம் அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிடுவதால் அவசரப்படத் தோன்றும். பூசணம் பிடித்த சரங்களில் பாதிக்கு மேல் இந்த அவசரத்தால் கெட்டவை என்பது என் கணிப்பு.

காம்பைச் சுற்றியுள்ள காய்ந்த இதழ்களை வெட்டி, அதைச் சுற்றி ஒரு வட்டம் சீவிவிட்டு, பிறகு மேலிருந்து கீழாகத் தோலை எடுங்கள். காம்பு ஓரத்தில் தோல் மிச்சமிருந்தால் அந்த இடுக்கில் ஈரம் தங்கும், பூசணம் முதலில் வருவது அங்கேதான். இரும்புக் கத்தி டானின் பட்டுக் கறுத்துப் பழத்திலும் கறை ஏற்றும். எவர்சில்வர் கத்தியோ தோல்சீவியோ போதும். கையுறை போடாவிட்டால் விரல் நுனியில் பழுப்புக் கறை ஏறிச் சில நாள் நிற்கும்.

அறுபது, எழுபது சென்டிமீட்டர் கயிற்றின் இரு நுனியிலும் ஒவ்வொரு பழத்தைக் கட்டுங்கள். பிறகு கயிற்றைப் பிடித்து, கொதிக்கும் நீரில் பத்து விநாடி முக்கி எடுங்கள். மேலுள்ள பூசண வித்துகள் சாக அது போதும். அதற்கு மேல் விட்டால் சதை வெந்து வழவழப்பாகிவிடும். வெந்நீருக்குப் பதில் 35 சதவீத ஷோச்சூ என்ற ஜப்பானியச் சாராயத்தைத் தெளிப்பவர்களும் உண்டு. கம்பில் போடும்போது ஒரு பழம் மேலேயும் மற்றது கீழேயும் நிற்கட்டும். ஒன்றையொன்று தொட்டால் தொட்ட இடம் காயாது.

கடைகளில் கிடைக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் கந்தகப் புகையால் வருவது. ஃபுகுஷிமா மாநிலம் தாத்தே நகரின் யனகவா பகுதியில், ஈரம் பாதி அளவு நிற்கும்படி உலர்த்தும் அன்போகாகி இந்தப் புகை முறையால்தான் பெயர் பெற்றது. 2011 அணுவுலை விபத்துக்குப் பிறகு இரண்டு பருவம் அங்கே உற்பத்தியை நிறுத்திவைத்து, 2013இல் சில இடங்களில் மட்டும் மீண்டும் தொடங்கினார்கள். வீட்டில் கந்தகம் வேண்டாம். பழம் பழுப்பேறிக் கறுக்கும். சுவைக்கு ஒரு குறையும் இல்லை.

முதல் வாரம் பழத்தைத் தொடவே கூடாது. மழை வந்தால் உள்ளே எடுத்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். ஏழு முதல் பத்து நாளில் மேற்பரப்பு ஒட்டாமல் தோல்பை போல் ஆகும். அப்போது இரண்டு விரலால் மெல்லப் பிசைந்து, உள்ளேயுள்ள கெட்டிக் கருவை உடைக்கவேண்டும். உடையாவிட்டால் வெளியே இறுகி நடு மட்டும் ஈரமாகவும் துவர்ப்பாகவும் நிற்கும். ஆனால் சீக்கிரம் பிசைந்தால் உறை கிழியும். சாறு கசிந்த பழம் தப்புவதில்லை. அதன்பின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பிசைந்தால் போதும்.

மூன்று, நான்கு வாரத்தில் உள்ளே ஜாம் மாதிரி இருக்கும். அன்போ பதம் பிடித்தவர்கள் இங்கே எடுத்துவிடலாம். 350 கிராம் பழம் அப்போது ஏறக்குறைய 120 கிராம் நிற்கும். இன்னும் இரண்டு வாரம் விட்டு 85, 90 கிராமுக்கு வந்தால் இன்னும் காய்ந்த கோரோகாகி. இந்தக் கட்டத்தில் பழங்களை இறக்கி, மூடிய பெட்டியில் இரண்டு நாள், காற்றில் ஒரு நாள் என்று மாற்றி மாற்றி வைத்தால் வெள்ளைப் பொடி பூக்கும். உள்ளிருந்து வந்த சர்க்கரைதான் அது, பெரும்பாலும் குளுக்கோஸ். பழம் முழுக்க மாவு தூவியதுபோல் சீராகப் படியும். பூசணம் என்றால் புள்ளி புள்ளியாக, நார் எழும்பி, பச்சையோ கறுப்போ கலந்திருக்கும். முதல் இரண்டு வாரத்திலேயே தலைகாட்டும். துடைத்துவிட்டுத் தின்பவர்கள் இருக்கிறார்கள். ஈரமுள்ள பழத்தில் அது எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று தெரியாது, தூக்கிப் போடுவதே சரி.

ஊருக்கு ஊர் காற்று வேறு, பழமும் வேறு. நாகானோவின் தென்பகுதியில், சிறிய பழமான இச்சிதாகாகி வகைக்குத் தென்ர்யூ ஆற்றின் காலை மூடுபனி உதவுகிறது. மெதுவாகக் காய்வதால் உள்ளே மென்மை நிற்கும். வகயாமாவின் கத்சுராகி ஊரில், ஷிகோ மலைக்கிராமங்களில் பழத்தைக் குச்சியில் கோத்துக் காயவைக்கிறார்கள். ஒரு குச்சிக்குப் பத்து: ஓரங்களில் இரண்டிரண்டு, நடுவில் ஆறு. புத்தாண்டு மோச்சி என்ற அரிசிப் பிண்டத்தின் மேல் வைக்கும் அலங்காரம் அது. பழக்குச்சிகளைச் சுவர்போல் அடுக்கிய அந்தக் காட்சியைப் பார்க்க நவம்பர் சரியான மாதம்.

காய்ந்ததை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். சர்க்கரை மிகுந்திருப்பதால் கல்லாக உறையாது, எடுத்த சற்று நேரத்தில் தின்னலாம். சீவிய தோலையும் காயவைத்து முள்ளங்கி ஊறுகாயான தகுவானில் போட்டால் நிறமும் இனிப்பும் ஏறும். பாயசத்திலோ கேக்கிலோ சேர்க்க நினைப்பவர்கள் கவனிக்க: அதிகம் சூடாக்கினால் பிணைந்த டானின் திரும்பக் கரைந்து துவர்ப்பு வந்துவிடும். பாயசத்தை இறக்கி ஆறியபின் நறுக்கிப் போடுங்கள்.