சமூகப் பணி வேலையில் சேரும் முன்

குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம், மனநல மையம், போதை மீட்பு என்று சமூகப் பணியில் ஆள் தேவை இருந்துகொண்டேதான் இருக்கிறது. வேலை கிடைப்பதைவிட அதில் நிலைப்பதுதான் கடினம்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள். ஒரு பணியாளர் ஒரே நேரத்தில் எத்தனை குடும்பங்களைப் பார்க்க வேண்டும்? மேற்பார்வையாளர் வாரம் ஒரு மணி நேரமாவது தனியாக உட்கார்ந்து பேசுவாரா? வீடுகளுக்குத் தனியாகப் போக வேண்டியிருந்தால், போகும் இடமும் திரும்பும் நேரமும் யாருக்குத் தெரிந்திருக்கும்? மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். சோர்ந்துபோய் விலகுகிறவர்களில் பலரை விரட்டுவது வேலையின் சுமை மட்டுமல்ல, அதைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லாததும்தான்.

பல வேலைகளுக்குப் பட்டம் அவசியம். ஆனால் களப்பயிற்சியைத்தான் துருவிக் கேட்பார்கள்.

திறமையானவர்களும் சறுக்குவது பதிவு எழுதுவதில். சந்திப்பு நடந்த அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாள் நினைவு தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும். ‘அம்மா அலட்சியமானவர்’ என்பது உங்கள் கருத்து. ‘காலை 11 மணிக்குப் போனபோது குழந்தை இன்னும் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்’ என்பதுதான் பதிவு. அந்தக் காகிதம் நீதிமன்றம்வரை போகலாம், ஒரு குழந்தை எங்கே வளரும் என்பதையே அது தீர்மானிக்கலாம்.