“இல்லை” என்று சொல்லத் தெரிந்த கடை: ரோமில் நாலு நாள் சாப்பாடு

நாங்கள் ரோமில் இறங்கியது மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. விமானம் தாமதம். அறையில் பெட்டிகளைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தபோது மணி நாலு. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். எனக்கு எந்த விலக்கும் இல்லை, பசி மட்டும் இருந்தது.

நாலு மணிக்கு ரோமில் சாப்பாடு தேடக் கூடாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. ஒழுங்கான ட்ராட்டோரியா, அதாவது வீட்டுச் சாப்பாடு போடும் சின்ன உணவகம், என்றால் மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்து மூன்று மணிவாக்கில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி ஏழரைக்கு மேல்தான். இடைப்பட்ட நேரத்தில் திறந்திருப்பவை பெரும்பாலும் எங்களைப் போல வழி தெரியாமல் வருகிறவர்களுக்கானவை. பியாட்சா நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்தில் அப்படி ஒரு கடை. வாசலில் ஒருவர் நின்று “வாங்க, வாங்க” என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார். உணவுப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் வண்ணப்படம். சிவப்புக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு, சுவரில் பூண்டுச் சரம். அம்மாவுக்கு இடம் பிடித்துப்போனது.

அம்மாவுக்கு இறைச்சி, மீன், முட்டை எதுவும் ஆகாது என்று சொன்னேன். “யெஸ், யெஸ்.” காய்கறி சூப்பில் கறி வேகவைத்த தண்ணீர் சேர்ப்பீர்களா என்று கேட்டேன். “நோ ப்ராப்ளம்.” அப்பா பட்டியலில் 7 யூரோ என்று போட்டிருந்த சுட்ட மீனைக் காட்டினார். அதற்கும் யெஸ்.

சூப் வந்தது. அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தார். நான் ருசி பார்த்தேன். எலும்பு வெந்த சாறு, சந்தேகமே இல்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டுக் கேட்டால், “வெஜிடபிள் சூப், வெஜிடபிள் இருக்கிறதே” என்று கிண்ணத்தைக் காட்டினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ரொட்டியை மட்டும் பிய்த்துத் தின்றார். இருபது வருடமாகக் காப்பாற்றி வந்த ஒன்றை ஒரு பொய் “யெஸ்” ஒரு நொடியில் கெடுத்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

பில் 124 யூரோ 20 சென்ட். நம் பணத்தில் 11,000 ரூபாய்க்கு மேல். அந்த 7 யூரோ மீனுக்கான விலை இல்லை, நூறு கிராமுக்கான விலை. பக்கத்தில் பொடி எழுத்தில் “எத்தோ” என்று போட்டிருந்தது. இத்தாலியில் எத்தோ என்றால் நூறு கிராம். மீன் 900 கிராம் இருந்ததாகச் சொன்னார்கள், ஆக 63 யூரோ. எடை போட்டதை நாங்கள் பார்க்கவில்லை. மீன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் இருந்தது. உறைய வைத்த சரக்கு என்றால் அப்படிக் குறி போட்டுக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதையும் நான் பில் கட்டிய பிறகுதான் கவனித்தேன். ரொட்டிக்குத் தலைக்கு 3 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம் 15 சதவீதம்.

இந்த ரொட்டிக் காசுக்கு ஒரு கதை உண்டு. இத்தாலியின் மற்ற ஊர்களில் மேசையில் உட்கார்ந்ததற்கே “கோபெர்த்தோ” என்று ஒரு தொகை வாங்குவார்கள். ரோம் இருக்கும் லாட்சியோ மாகாணத்தில் 2006-ல் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். அதனால் ரோமில் அது “பானே”, அதாவது ரொட்டி, என்ற பெயரில் பில்லில் வரும். ரொட்டி வேண்டாம் என்று முதலிலேயே திருப்பி அனுப்பினால் அந்தக் காசைக் கொடுக்க வேண்டியதில்லை. டிப்ஸும் அங்கே கட்டாயம் இல்லை.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த நாளுக்காகத்தான்.

நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மா முதல் நாள் கதையைக் கேட்டுவிட்டு, டெஸ்டாச்சோ பகுதியில் ஒரு ட்ராட்டோரியாவுக்குத் தானே போன் செய்து மதியம் ஒரு மணிக்கு இடம் சொல்லி வைத்தார். டெஸ்டாச்சோ என்ற பெயரே உடைந்த பானை ஓட்டிலிருந்து வந்தது. அங்கே 35 மீட்டர் உயரத்துக்கு ஒரு குன்று இருக்கிறது. மண் குன்று இல்லை. ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ரோமப் பேரரசுக்கு ஆலிவ் எண்ணெய் வந்த கோடிக்கணக்கான ஜாடிகளை உடைத்து, முறையாக அடுக்கி அடுக்கி வந்த குன்று. அதன் அடிவாரத்தைக் குடைந்து கட்டிய சாப்பாட்டுக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுச் சில்லுகள் தெரியும். பக்கத்திலேயே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பெரிய இறைச்சிக் கூடம், 1975 வரை நடந்தது. நல்ல கறியெல்லாம் பணக்காரர் வீட்டுக்குப் போக, அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கூலியில் ஒரு பங்காகக் குடல், வால், ஈரல் கிடைக்கும். அதற்கு “குவிந்தோ குவார்த்தோ” என்று பெயர், ஐந்தாவது கால்பங்கு. ரோமின் பேர்போன சமையலில் பாதி இந்தக் கூலியிலிருந்து பிறந்தது.

கடைக்குள் படம் போட்ட அட்டை எதுவும் இல்லை. கையால் எழுதிய ஒரே தாள். வெள்ளைக் காகிதம் விரித்த மேசைகள் நெருக்கி நெருக்கிப் போட்டிருந்தன, ஒரே இரைச்சல். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் பெரியவர் ஒருவர் பரிமாற வந்தார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தாளை மேசையில் வைத்து, பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். ஃபெட்டுச்சீனே என்ற பட்டைப் பாஸ்தாவில் முட்டை, இல்லை. பீன்ஸில் பன்றித்தோல், இல்லை. “புந்தரெல்லே” என்ற கீரைத்தண்டு சாலட், பார்த்தால் சுத்த சைவம். அதில் நெத்திலி அரைத்து ஊற்றியிருக்கும், அதுவும் இல்லை. கடைசியாகப் பாலாடைக்கட்டிக்கு வந்தபோது தயங்கி நின்றார். பெக்கோரினோ என்ற செம்மறிப்பால் சீஸுக்குப் பால் உறைய வைப்பது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ஒரு பொருளால். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியும் காட்டினார். பார்மசானும் அப்படித்தான், அதில் கன்றுக்குட்டி. சைவம் என்று போய் அங்கே சீஸ் சாப்பிடுகிற நம்மவர்களில் எத்தனை பேரிடம் யார் இதைச் சொல்லியிருப்பார்கள்?

மிஞ்சியவை மூன்று. முட்டை சேராத காய்ந்த பாஸ்தாவில் தக்காளி, பூண்டு, மிளகாய் போட்ட பென்னே அராபியாத்தா, சீஸ் தூவாமல். “சிக்கோரியா” என்ற கசப்புக் கீரை, வேகவைத்துப் பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் தாளித்துப் புரட்டியது. அப்புறம் புதினா வாசத்தோடு வெந்த ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டு. அம்மா கீரையை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். “வெந்தயக்கீரைக் கசப்புடி, கடுகு ஒண்ணுதான் குறைச்சல்” என்றார். முதல் நாளுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

ரோமில் சனிக்கிழமை என்றால் ட்ரிப்பா. வியாழன் ஞொக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளி மீன், சனி குடல் என்று பழைய வழக்கம். குடல் என்றதும் மதுரைக்காரரான அப்பாவுக்குக் கண் மலர்ந்தது. எந்த விலங்கு என்று கேட்கச் சொன்னார். மாடு. அப்பா மாட்டுக்கறி சாப்பிட மாட்டார். பெரியவர் உடனே, “அப்படியானால் உங்களுக்கு ட்ரிப்பா இல்லை” என்று சொல்லிவிட்டு, கொராத்தெல்லாவைக் காட்டினார். ஆட்டுக்குட்டியின் இதயம், ஈரல், நுரையீரல் மூன்றையும் பொடியாக நறுக்கி ஆர்ட்டிசோக்கோடு வதக்குவது, ஈஸ்டரை ஒட்டிய பருவத்துச் சமையல். அப்பா ஒரு வாய் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். “சுவரொட்டியும் ஈரலும் வதக்குன மாதிரியே இருக்கு. மிளகு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டிருக்கலாம்.”

மிளகெல்லாம் என் தட்டில் இருந்தது. காச்சோ எ பெப்பே: பாஸ்தா, பெக்கோரினோ, கருமிளகு, அவ்வளவுதான். வெண்ணெய் இல்லை, க்ரீம் இல்லை. பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரில் சீஸைக் கரைத்தே அந்தக் குழைவைக் கொண்டுவருகிறார்கள். சூடு கொஞ்சம் கூடினாலும் சீஸ் கட்டிதட்டிவிடும். அன்று காலை ரோமன் ஃபோரம் என்ற பழைய நகர இடிபாடுகளில் மக்சென்டியஸ் பசிலிக்கா என்ற மண்டபத்தைப் பார்த்திருந்தோம். அது நிற்கும் இடத்தில்தான் டொமிஷன் பேரரசன் முதல் நூற்றாண்டில் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்தில் கப்பலேறிய மிளகு வந்து இறங்கிய இடம். அந்த நினைப்போடு சாப்பிட்டதால் ருசி கூடியதோ என்னவோ, எனக்கு அது ஒரு நல்ல தட்டு. பிறகு நான் ட்ரிப்பாவும் சாப்பிட்டேன். தக்காளிக் குழம்பு, மேலே பெக்கோரினோ, காட்டுப்புதினா. குடல் வாடையை மறைக்காமல் அடக்கி வைத்திருந்தார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். அம்மாவின் பென்னே நடுவில் வெள்ளையாக, பல்லுக்குக் கெட்டியாக இருந்தது. அவர்களுக்கு அதுதான் பதம், எங்கள் வீட்டில் அது அரை வேக்காடு. இன்னும் இரண்டு நிமிடம் வேகவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். சாறில் புரட்டிய பிறகு வேகவைத்தால் கூழாகிவிடும் என்று விளக்கினார், உண்மைதான். ஆனால் பல் சரியில்லாத அம்மாவுக்குப் புதிதாக ஒரு கைப்பிடி தனியாக வேகவைத்துக் கொடுத்திருக்கலாம். அம்மா பாதியை மிச்சம் வைத்தார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. உப்பும் எல்லாவற்றிலும் ஒரு பிடி அதிகம். முதல் தட்டு வர நாற்பது நிமிடம் ஆனது, சர்க்கரைக்காரருக்கு அது நீண்ட நேரம். ரொட்டியை நாங்கள் தொட்டதே அதனால்தான். பில் 71 யூரோ. ரொட்டிக்குத் தலைக்கு ஒன்றரை. சேவைக் கட்டணம் என்று ஒரு வரிகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை யூதர் பகுதி. 1555-ல் போப் நாலாம் பவுல் சுவர் எழுப்பி யூதர்களை அடைத்த இடம். 1870 வரை அந்தக் கெடுபிடி நீடித்தது. அங்கே பிறந்த சமையல்தான் “கார்ச்சோஃபி அல்லா ஜூதியா”. உருண்டை ஆர்ட்டிசோக்கை முழுசாக எண்ணெயில் இரண்டு முறை பொரிக்கிறார்கள். இரண்டாம் முறை இதழ் விரிந்து சூரியகாந்தி மாதிரி வருகிறது. வெளி இதழ் அப்பளம், உள்ளே வெண்ணெய். அம்மாவுக்குச் சாப்பிட்டதைவிட அதை ஆய்வதைப் பார்த்ததுதான் பெரிய சந்தோஷம். கடை வாசலில் ஒருவர் வளைந்த கத்தியால் கெட்டி மடல்களைச் சீவி எலுமிச்சைத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். வாழைப்பூ கறுக்காமல் இருக்க நாம் மோரில் போடுகிற அதே காரணம். இதழுக்குள் பூச்சி இருந்தால் தெரியாது என்று 2018-ல் இஸ்ரேல் தலைமை ரப்பி (யூத மதகுரு) அலுவலகம் இந்தப் பதார்த்தம் கோஷர் இல்லை, அதாவது யூத உணவு விதிக்கு ஒத்ததில்லை, என்றது. எங்கள் ஊர்க் காயை எங்களுக்குச் சுத்தம் செய்யத் தெரியும் என்று ரோம் யூதர்கள் விடாமல் பொரிக்கிறார்கள். பரிமாறியவர்கள் எங்களைக் கொஞ்சம் அவசரப்படுத்தினார்கள், ஞாயிறு கூட்டம்.

திங்கள் இரவு, மறுநாள் காலை விமானம். அப்பாவுக்குக் கொராத்தெல்லா மறுபடி வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் டெஸ்டாச்சோ போய் நின்றோம். அதே பெரியவர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார், அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இடம் இல்லை. எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கேட்டேன். “இன்றைக்கு இல்லை. இவரை வாசலில் நிற்க வைக்காதீர்கள்” என்று அப்பாவைக் காட்டிச் சொல்லிவிட்டு, தெருமுனையில் இருக்கும் ரொட்டிக்கடைக்குக் கை நீட்டினார்.

அங்கே நீளமான தகரத் தட்டில் பிட்சா ரொஸ்ஸா இருந்தது. மாவு, தக்காளி, எண்ணெய், உப்பு; சீஸ் கிடையாது. எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினோம். கத்தரிக்கோலால் வெட்டி எங்கள் கண் முன்னால் தராசில் வைத்தார்கள். அம்மா எண் ஓடி நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தெருக் குழாயடியில் நின்று மூன்று பேரும் சூடாகச் சாப்பிட்டோம்.