429 கோடியைப் பேனாவாலேயே உடைக்கலாம்

எண் இதுதான்: 4294967297. அதாவது 2³² + 1.

3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்; வரிசையாக 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1. இதே அச்சில் வரும் அடுத்ததும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கண்ணை மூடிக்கொண்டு வகுக்கத் தொடங்கினால் வர்க்கமூலமான 65536 வரை 6542 பகா எண்கள் காத்திருக்கின்றன. அவ்வளவு தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64k + 1 வடிவில்தான் (k ஒரு முழு எண்) வரும் என்பது ஆய்லர் கண்டது. 1878-இல் லூக்கா அதை 128k + 1 என்று இன்னும் இறுக்கினார். வரிசையாக எழுதுங்கள்: 129, 257, 385, 513, 641. 129-உம் 513-உம் மூன்றில் போய்விடும், 385 ஐந்தில். 257-ஐயும் தொட வேண்டாம்; 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295, நம் எண்ணுக்குச் சரியாக 2 குறைவு. ஆக 257-ஆல் வகுத்தால் மீதி 2. மிஞ்சுவது 641 மட்டுமே.

அந்த ஒரு வகுத்தலையும் தவிர்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. அதே 641 = 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்குமிடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது; அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. முடிந்தது.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 6700417 பகா எண்தானா? அதன் காரணியும் 128k + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதற்குள் அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதிலும் பூஜ்யம் இல்லை, பகா எண்தான்.

நிரல் எழுதுவோர் கவனிக்க: 2-ஐ அடியாக வைத்து ஃபெர்மா சோதனை (அடியை எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) செய்தால் 4294967297 "பகா எண்" என்றே தேறிவிடும். 4294967297-ஆல் வகுத்தால் 2³²-இன் மீதி −1, எனவே 2⁶⁴-இன் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கான 2³² அந்த 64-இன் மடங்கு. வேறு வழியே இல்லை, தேறித்தான் ஆகும். அடியை 3 ஆக்குங்கள். 1877-இல் பெப்பான் தந்த சோதனைப்படி, 3-ஐத் தொடர்ந்து 31 முறை வர்க்கமாக்கி ஒவ்வொரு முறையும் மீதி எடுக்க வேண்டும். கடைசியில் −1 வராவிட்டால் பகு எண். இங்கே வராது. குறியுள்ள 64-பிட் மாறியில் இதைச் செய்தால் இடையில் வர்க்கம் கொள்ளளவைத் தாண்டி, பல மொழிகளில் சத்தமில்லாமல் தப்பு மீதி வரும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்த எண்ணான 2⁶⁴ + 1 இவ்வளவு சுலபமாக வழிக்கு வராது. அங்கே வடிவம் 256k + 1; முதல் காரணி 274177, அதாவது k = 1071.